உப்புநீரில் பிசைந்த வெண்கலயம்

கடலோரத்துக் கழிமுகவூரில் ஆவுடையம்மை என்னும் அடியார் சட்டிபானை வனைந்து வாழ்ந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. விறகுச் சூளை வைக்க வழியில்லாமல், வறட்டியும் வைக்கோலும் தரும் இளஞ்சூட்டில்தான் சுட்டெடுப்பார். அவ்வூர் ஈசனுக்கு அன்றாடம் பால் சுமக்கும் கலயம் அவர் கொடுப்பதே. மேனியெல்லாம் வெண்ணீறு பூசியவனுக்குப் புகைக்கறை படிந்த கலயத்திலா பால் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளைக் கலயம் ஒன்று வனைந்தே தீருவது என்று உறுதி பூண்டார்.

கழியோரத்து வெளிர்மண்ணில் உமிச்சாம்பலைக் கலந்தார், கலயம் உதிர்ந்துபோனது. பச்சரிசி மாவைக் கலந்தார். தீயில் கரிந்து கறுத்தது. “சாமிக்குக் கொழுக்கட்டை பிசையிறியா ஆவுடை?” என்று ஊர் சிரித்தது. அம்மையாரும் சிரித்துவிட்டு மறுபடி மண்ணில் கை வைத்தார். கிளிஞ்சலை இடித்துக் கலந்தபோதுதான் கலயம் சங்கு நிறத்தில் வெளிவந்தது. ஆனந்தம் தாங்காமல் அதைக் கோயிலுக்கு ஏந்திக்கொண்டு ஓடினார்.

பாவம், சுட்ட கிளிஞ்சலின் குணம் அவருக்குத் தெரியாது. காற்றின் ஈரத்தை மெல்லக் குடித்து அது வீங்கும். சில நாளில், பூசை வேளையில் கலயம் பொரிந்து உடைந்து, பால் முழுதும் தரையில் ஓடியது. கோயிலை நிர்வகித்த மணியம் கொழுந்தப்பர் கொதித்துப்போனார்.

“இனிமே உன் மண்ணு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!”

“குத்தம் என் கையோடதுங்க சாமி. ஈசனை மட்டும் என்கிட்டேருந்து பறிச்சிடாதீங்க” என்று அம்மையார் கதறினார். யார் மனமும் இரங்கவில்லை.

தொண்டு போனபின் உயிர் இருந்தென்ன? ஆனாலும் பிசைவதை அவர் விடவில்லை. அந்தக் கோடையில் அவர் வீட்டுக் கிணறும் வற்றியது. வேறு வழியின்றிக் கடல்நீரை மொண்டுவந்து, கிளிஞ்சல் கலந்த மண்ணைப் பிசைந்தார். “நல்ல தண்ணிக்குக்கூட நாதியத்தவளாயிட்டேனே, அப்பனே” என்று விம்மினார். அந்தக் கலயமும் வெள்ளையாக வந்தது. மாதங்கள் போயும் பொரியவில்லை. உப்புநீர் கலந்ததைப் படைப்பதா என்று கூசி, வீட்டு மூலையில் வைத்துக் கும்பிட்டு வந்தார்.

ஆதிரைத் திருநாளன்று கருவறைக் கதவு யார் தள்ளியும் திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் எழுந்தது:

“கொழுந்தா, ஆவுடை வீட்டுக் கலயத்தில் பால் கொண்டு வா. கிளிஞ்சலை அடக்குவது உப்பு. அவளோ நமக்காக நல்ல தண்ணீரையே தேடுவாள். அதனால்தான் அவள் கிணற்றை நாம் வற்றவைத்தோம்.”

மணியம் ஓடிப்போய் அம்மையாரின் காலில் விழுந்தார். கலயத்தைத் தம் தலையிலேயே சுமந்து வந்தார். கதவு தானாகத் திறந்தது. பின்னால் வந்த அம்மையார் வாசற்படியைக் கண்டு தயங்கி நின்றார்.

“உள்ள வாங்கம்மா” என்றார் மணியம்.

ஆண்டவனே வற்றவைத்த கிணற்றருகே, அழுதுகொண்டும் அவனுக்காகவே மண் பிசைந்த அந்தக் கைகளைக் கும்பிடுவோம்.