பொன்முடியின் முழுக் கூடு

ஒரு காட்டில், குளத்துப் பக்கம் சாய்ந்து நின்ற ஈச்சமரம் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. மழைக்காலம் நெருங்கினால் போதும், தூக்கணாங்குருவிகள் எல்லாம் அங்கே வந்துவிடும். அப்புறம் மரம் முழுக்க ஒரே சத்தம், ஒரே வேலை.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவிதான் கூடு பின்னும். ஆனால் முழுக்கப் பின்னிவிடாது. கவிழ்த்த தொப்பி போல வந்ததும் நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெண் குருவியைக் கூப்பிடும். அவள் வந்து உட்கார்ந்து பார்ப்பாள், பின்னிய நாரை இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் மீதி வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் பாதி வேலை வீணானதோடு போகும்.

அந்த வருடம் பொன்முடி என்ற இளங்குருவி முதல்முறையாகக் கூடு கட்ட வந்தான். அவனைப் போல நெருக்கமாகப் பின்னத் தெரிந்தவர் அந்த மரத்தில் யாரும் இல்லை. அது அவனுக்கே நன்றாகத் தெரியும் என்பதுதான் தொல்லை.

"பாதிக் கூட்டைக் காட்டியா கூப்பிடுவது? அரைவேக்காட்டுச் சோற்றை யாராவது பரிமாறுவார்களா?" என்றான். "நான் முழுசாகக் கட்டித்தான் காட்டுவேன். வருகிறவள் வாயடைத்துப் போக வேண்டும்!"

பக்கத்து ஓலையில் கூடு பின்னிக்கொண்டிருந்த ஓலையன் சிரித்தான். "அவள் வாயடைத்துப் போனால் குறையை யாரப்பா சொல்வது?"

"என் கூட்டில் குறையா? போய் உன் வேலையைப் பார்!"

மற்றவர்கள் எல்லாம் கிழக்கே, தண்ணீருக்கு மேலே தொங்கும் ஓலைகளில் இடம் பிடித்திருந்தார்கள். பொன்முடிக்கு அது பிடிக்கவில்லை. மானும் யானையும் தண்ணீர் குடிக்க வரும் பாதை மேற்கே அல்லவா இருக்கிறது! நாலு பேர் கண்ணில் படாத வீடும் ஒரு வீடா? அவன் மேற்குப் பக்கத்து ஓலையைப் பிடித்தான். உள்ளே நுழைகிற வாசல் குழாயைக்கூட, மற்றவர்களைப் போலக் கீழே தொங்கவிடாமல், பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

குளத்தோரக் கட்டையில் ஒரு சின்ன மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். எதற்கும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மீனைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் அவன்.

"மீன்கொத்தி அண்ணே, அழகாக இருக்கிறதா?" என்று பொன்முடி தினமும் கேட்பான்.

"அழகோ அழகு! கண்ணை எடுக்கவே முடியவில்லை தம்பி!" என்பான் மீன்கொத்தி.

கூடு முடிந்தது. பொன்முடி கூவினான். தவிட்டு நிறத்தில் ஒரு பெண் குருவி வந்தாள். அவள் பெயரும் தவிட்டிதான். வந்தவள் வாயடைத்துப் போகவில்லை. நேரே உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள், வெளியே வந்தாள்.

"மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?" என்று கேட்டாள்.

"மழையை விடு! நீ வெளியே நின்று பார், எப்படி இருக்கிறதென்று தெரியும்!"

"நான் வெளியே நிற்பதற்கா வீடு?" என்றாள் தவிட்டி. "பாதியில் கூப்பிட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன். இனி என்ன சொல்லி என்ன?" அவள் பறந்து போய்விட்டாள்.

பொன்முடிக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு உழைப்பு! மழைக்காலம் முடிவதற்குள் ஒரு துணை அமையாவிட்டால் இந்த வருடம் அவனுக்குக் குஞ்சு இல்லை, குடும்பம் இல்லை.

அப்போது மேற்கே வானம் கறுத்தது. காற்று வந்தது, பின்னாலேயே தூறல் வந்தது. மீன்கொத்தி ஒதுங்க இடம் தேடிப் பறந்தான்.

"அண்ணே, இங்கே வாருங்கள்! நீங்கள் புகழ்ந்த கூடு காலியாகத்தானே இருக்கிறது!" என்று கூப்பிட்டான் பொன்முடி.

"ஐயையோ, அதிலா? மழை நேராக உள்ளே அடிக்குமே!"

பொன்முடி திகைத்துப் போனான். "தெரிந்துமா சொல்லவில்லை?"

"நீ அழகாக இருக்கிறதா என்றுதான் கேட்டாய் தம்பி. குடியிருக்கலாமா என்று கேட்கவே இல்லையே!" என்று சொல்லிவிட்டு மீன்கொத்தி கரையோரப் பொந்துக்குள் புகுந்துகொண்டான்.

பொன்முடி தன் கூட்டுக்குள் நுழைந்தான். வாசல் வழியாக மழை வாரி இறைத்தது. தொப்பலாக நனைந்து நடுங்கினான். மழை விட்டதும் கிழக்குப் பக்கம் போய், புதிதாக நார் கிழிக்கத் தொடங்கினான்.

இந்தமுறை தொப்பி அளவு வந்ததும் நிறுத்தினான். நிறுத்துவதுதான் அவனுக்குப் பெரும் பாடாக இருந்தது. அலகு பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொள்ளக் குருவிக்குப் பல் ஏது? சிறகை அடித்துக் கூவினான்.

தவிட்டிக்கு இன்னும் இடம் அமைந்திருக்கவில்லை. எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை அவள். வந்தாள், நாரை இழுத்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் இன்னும் ஆழம் வேண்டும். காற்றடித்தால் முட்டை உருண்டுவிடும். உள்ளே ஈரமண் அப்பு, ஆட்டம் குறையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பாதியில்தானே நிற்கிறது, மாற்றிக்கொள்ளலாம்."

இருவருமாகச் சேர்ந்து கூட்டை முடித்தார்கள். தவிட்டி முட்டையிட்டு அடைகாத்தாள்.

ஒருநாள் மேற்கிலிருந்து பெருமழை பிடித்தது. மரமே ஆடியது. நனைந்தபடி போன மீன்கொத்தி, "என்ன இருந்தாலும் உன் பழைய கூட்டின் அழகு வராது தம்பி!" என்றான்.

பொன்முடி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் குழாய்க்குள் தலையை நீட்டி, "தவிட்டி, உள்ளே நனைகிறதா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் தவிட்டி.

அன்று பொன்முடிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

நீதி: வீடு பாதியில் நிற்கும்போதே, அதில் வாழப்போகிறவரை அழைத்துக் காட்டிவிடு.