ஒரு விரல் தாழ்ந்த பரிசல்

ஆற்றின் நடுவே ஒரு திட்டு. திட்டின் மேல் ஒரு மடம். வடகரை ஒரு தலைவருக்குச் சொந்தம், தென்கரை வேறொருவருக்கு. மதகு யாருடையது என்பதில் தொடங்கிய சண்டை ஏழு வருடமாக ஓய்வதும் மூள்வதுமாக இருந்தது. மடத்துக்கு இரண்டு கரையும் ஒன்றுதான்.

மடத்துப் பரிசலில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறுமுன் ஆயுதத்தைத் துறையில் கிடக்கும் கல்லின் மேல் வைத்துவிட வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வழக்கமும் இருந்தது. பரிசல்காரர் யாருடைய மூட்டையையும் பார்க்க மாட்டார். தண்ணீரைப் பார்த்துத் துடுப்புப் போடுவார், அவ்வளவுதான்.

பரிசல்காரர் பெயர் அத்தியப்பர். அறுபது வயது. மடத்தின் தலைவி வடிவம்மைக்கு நாற்பத்தைந்து. ஆகவே சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணே என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

அன்று காலை அத்தியப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். வடிவம்மை அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முந்தாநாள் அந்தியில் வடகரையிலிருந்து ஆறு பேர் பரிசலில் ஏறினார்கள். ஆளுக்கொரு கோரைப்பாய்க் கட்டு. பாய் விற்கப் போவதாகச் சொன்னார்கள். அத்தியப்பர் அவர்களைத் தென்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினார். விடிவதற்குள் தென்கரையின் நெற்களஞ்சியம் எரிந்தது. தடுக்க ஓடிவந்த மூன்று பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். ஆறு பேரும் ஆற்றில் குதித்து நீந்தித் தப்பிவிட்டார்கள்.

இன்று காலை தென்கரையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடத்தில் வடகரைக் குயவன் ஒருவன் இருப்பதாகக் கேள்வி. உச்சிப்பொழுதுக்குள் வருகிறோம். அவனைக் கொடுத்துவிட வேண்டும்.

குயவர் சடையாண்டி மடத்துக்குச் சட்டி பானை கொண்டுவந்து நாலு நாள் ஆகியிருந்தது. வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார்.

"அம்மா, என்ன செய்யப் போறோம்?" என்றார் அத்தியப்பர்.

"கீரை உருவிக்கிட்டிருக்கேன். நீங்களும் உக்காந்தா சீக்கிரம் முடியும்."

அவர் உட்காரவில்லை.

"குயவரைக் குடுத்தா தென்கரைப் பக்கம் சாஞ்சதா ஆயிடும். குடுக்கலைன்னா வடகரைப் பக்கம் சாஞ்சதா ஆயிடும். நாம யார் பக்கமும் இல்லைன்னுதானே இத்தனை வருசமா இருக்கோம்?"

"அவருக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விடலை."

"கஞ்சி குடிச்சாரா?"

"அம்மா, நான் கேக்கறது வேற."

"நான் கேக்கறதும் வேறதான்" என்றார் வடிவம்மை. அடுத்த கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

அத்தியப்பர் துறைக்குப் போய்த் தென்கரையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே இன்னும் ஆள் நடமாட்டம் இல்லை. அது அவரை மேலும் படுத்தியது.

"அவங்க அவர் மேல கை ஓங்கினா நான் கழியை எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

கூடாது என்று சொல்வார் என்றுதான் அத்தியப்பர் நினைத்திருந்தார். கொஞ்சம் திகைத்துப்போனார்.

"மடத்துல இருந்துக்கிட்டா?"

"காய்ச்சக்காரர் மேல அடி விழறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு மடம் எதுக்கு? எடுங்க. எப்ப கீழ வைக்கணும்னு தெரிஞ்சு எடுங்க."

அப்போது சடையாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தோளில் போட்டிருந்த போர்வை தரையில் இழுபட்டது. பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது.

"தாயி, நான் ஆத்துல இறங்கிப் போயிடறேன்."

"இந்த உடம்போடவா? பாதி ஆத்துலயே போயிடுவீங்க. உக்காருங்க."

சடையாண்டி உட்கார்ந்தார். வெயிலிலும் அவருக்கு நடுங்கியது.

"அந்த ஆறு பேரும் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் தாயி. போன ஐப்பசியில தென்கரை ஆளுங்க வந்து என் சூளையை இடிச்சுட்டுப் போனாங்க. நெல்லு எரிஞ்சுதுன்னு கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. செத்தவங்களைப் பத்தி அப்புறந்தான் கேள்விப்பட்டேன். அந்தச் சந்தோசம் குத்தமா?"

"குத்தம்தான்."

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்குத் தலையை வாங்கணும்னா ரெண்டு கரையிலயும் ஒரு தலை மிஞ்சாது" என்றார் வடிவம்மை. "உள்ள போய்ப் படுங்க."

அவர் எழுந்திருப்பதற்குள், மறுபடி துறைக்குப் போயிருந்த அத்தியப்பர் அங்கிருந்து குரல் கொடுத்தார். வந்துவிட்டார்கள்.

இரண்டு பரிசல்களில் பன்னிரண்டு பேர். மடத்துப் பரிசல் இல்லை, அவர்களுடையதே. அதனால் யாரும் ஆயுதத்தைக் கல்லில் வைக்கவில்லை. முன்னால் வந்தவர் வேங்கையப்பன், தென்கரையின் ஊர்ப்பெரியவர். செத்த மூவரில் ஒருவன் அவருடைய தம்பி. தாடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக அவர் கண்ணை மூடவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"வாங்க" என்றார் வடிவம்மை. "சோறு கொதிக்குது. இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"சாப்பிட வரலைம்மா. குயவனைக் குடுங்க."

"அவர் என்ன செஞ்சார்?"

"அவன் வடகரையான்."

"களஞ்சியத்துக்கு நெருப்பு வெச்சது இவரா?"

"இவனோ இவன் மாமனோ மச்சானோ. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எங்க ஆளு மூணு பேரைக் கொன்னாங்க. இனிமே ஒருத்தன் எங்க கரையில கால் வைக்கப் பயப்படணும். நாங்க எங்களைக் காப்பாத்திக்க வேண்டாமா?"

"காப்பாத்திக்கணும்."

"அப்புறம் என்ன?"

வடிவம்மை சடையாண்டியைப் பார்த்தார். போர்வைக்குள் அவர் பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன.

"இவர்கிட்ட இருந்தா?"

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். வேங்கையப்பனின் முகம் இறுகியது.

"நீங்க யார் பக்கமும் இல்லாதவங்க. இதுல தலையிடாம ஒதுங்கிக்கங்க."

"ஒதுங்க முடியாதே" என்றார் வடிவம்மை. "அந்த ஆறு பேரும் உங்க கரைக்கு வந்தது எங்க பரிசல்லதான்."

அத்தியப்பர் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆற்றில் ஓடுவது ஒரே மடத்துப் பரிசல்தான். குருவுக்குத் தெரியாமல் இருக்குமா?

"வடகரையில பொறந்ததுக்கு ஒருத்தர் பொறுப்புன்னா, மடத்துல சோறு திங்கறதுக்கு நாங்களும் பொறுப்பு. பதினோரு பேர் இருக்கோம். உங்களுக்கு யார் வேணும்? நான் வரட்டுமா? உள்ள சமைக்கற பொண்ணைக் கூப்பிடட்டுமா?"

"எனக்கு அவங்க எதுக்கு? அன்னிக்குப் பரிசல் ஓட்டினவன் யாரு? அவனைக் காட்டுங்க."

"மடத்துக்காரங்கன்னதும் ஓட்டினது யாருன்னு கேக்கறீங்க. வடகரைன்னா மட்டும் எல்லாரும் ஒண்ணா?"

வேங்கையப்பன் திரும்பிச் சடையாண்டியை ஒரு தடவை பார்த்தார்.

பின்னால் நின்ற ஓர் இளவட்டத்துக்கு இந்தப் பேச்செல்லாம் பொறுக்கவில்லை. செத்தவர்களில் இன்னொருவன் அவனுடைய சிநேகிதன். தடியை ஓங்கிக்கொண்டு நேரே சடையாண்டியின் மேல் பாய்ந்தான்.

அத்தியப்பரின் மூங்கில் கழி குறுக்கே வந்தது. தடி கழியில் மோதித் தெறித்தது. அவன் நிலைதடுமாறி மல்லாக்க விழுந்தான்.

அறுபது வயதுக்கு அது நல்ல அடிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கழி மறுபடியும் மேலே போனது. கீழே கிடந்தவன் முகத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான்.

"அண்ணே" என்றார் வடிவம்மை.

கழி அந்தரத்தில் நின்றது. அத்தியப்பர் கீழே கிடந்தவனைப் பார்த்தார். இருபது வயதுகூட இருக்காது. அவனிடம் இவருக்கு என்ன கோபம்? அந்தக் கோபம் அவன் மேல் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கழியைத் தரையில் போட்டார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றார்.

வேங்கையப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருசமா பரிசல் ஓட்டறேன். எத்தனை பேர் ஏறினா எவ்வளவு தாழும்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். அன்னிக்கு ஒரு விரல் கூடத் தாழ்ந்துச்சு. கோரைப்பாய்க்கு அந்த எடை இல்லை. பாய்க்குள்ள இரும்பு இருக்கு, எண்ணெய்க் குடம் இருக்குன்னு பாதி ஆத்துலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டுவந்து விட்டே?"

"தெரிஞ்சும்தான்."

"திரும்பி வந்தவுடனே ஒரு குரல் குடுத்திருந்தாக்கூட என் தம்பி இருந்திருப்பான். ஏன் குடுக்கலை?"

"மூட்டையைப் பாக்கறது எங்க வழக்கமில்லை. ஒருத்தர் சேதியை இன்னொருத்தர்கிட்ட சொன்னா பக்கம் சாஞ்சதா ஆயிடும்னு..."

இரண்டு நாளாக அவர் மனசுக்குள் நியாயமாக இருந்த வார்த்தை, வெளியே வந்ததும் அசிங்கமாக இருந்தது.

வடிவம்மை எழுந்து வந்தார். மடியிலிருந்து கீரைக் காம்புகள் உதிர்ந்தன.

"ஆயுதத்தைக் கல்லுல வைக்கணும்னு சொன்னது மடத்தைக் கட்டின பெரியவர். மூட்டையைப் பாக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு, அண்ணே?"

அத்தியப்பர் யோசித்தார். அவருக்கு முன்னால் பரிசல் ஓட்டியவர் சொன்னார். அவருக்கு அதற்கு முன்னால் ஓட்டியவர் சொல்லியிருப்பார்.

"நாங்களா சொல்லிக்கிட்டதுதாம்மா. சௌகரியமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் வடிவம்மை. "நானும் கேட்டதில்லை."

வேங்கையப்பன் அத்தியப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இடுப்பில் இருந்த அரிவாளின் பிடியில் இருந்தது. வெட்டிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை என் தம்பி பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. அந்த ஒரு விரலை அவகிட்ட சொல்லு. ஏழு மாசம் அவ. ராத்திரியும் பகலும் ஏன் ஏன்னு கேக்கறா. என்னால பதில் சொல்ல முடியலை."

"வரேன்" என்றார் அத்தியப்பர்.

"அங்க ஊரே கொதிச்சுப்போய் இருக்கு. நீ திரும்பி வருவேன்னு நான் சொல்ல மாட்டேன்."

"வரேன்னு சொன்னேனே."

"குயவன் கிடக்கட்டும். அவனை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது நாளையா, அடுத்த மாதமா என்று அவர் சொல்லவில்லை. சடையாண்டியும் கேட்கவில்லை. சமைக்கிற பெண் வந்து அவர் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தென்கரைக்காரர்கள் தங்கள் பரிசல்களில் ஏறினார்கள். விழுந்த இளவட்டம் கடைசியாக, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறினான். அத்தியப்பர் மடத்துப் பரிசலை இழுத்துத் தண்ணீரில் விட்டார். ஆள் வழியில் தப்பித்து விடக்கூடாது என்று வேங்கையப்பன் அதிலேயே ஏறிக்கொண்டார். சொல்லாமல் கொள்ளாமல் வடிவம்மையும் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கும்மா?"

"அந்தப் பொண்ணுகிட்ட எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு."

அத்தியப்பர் துடுப்பை எடுத்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் கண் தானாகத் தண்ணீருக்குப் போனது. ஓர் அரிவாளுக்கெல்லாம் பரிசல் தாழ்ந்து காட்டாது. அவர் கண்ணைத் திருப்பி ஆளைப் பார்த்தார். வேங்கையப்பனின் இடுப்பில் துண்டு புடைத்திருந்தது. துறைக் கல்லைத் திரும்பிப் பார்த்தார். அதன் மேல் ஒன்றும் இல்லை.

முன்னால் போன பரிசல்கள் நின்று இவர்களுக்காகக் காத்திருந்தன. வடகரையில் துணி துவைக்க வந்தவர்கள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தியப்பர் குனிந்தார். வடிவம்மையின் காதருகே, மூச்சுவிடுகிற சத்தத்தில் சொன்னார்.

"அம்மா, அவர் அரிவாளை வைக்கலை. துண்டுக்குள்ள இருக்கு."

"ம்."

"இறக்கி வைக்கச் சொன்னா, அவங்களுக்கு விரோதமா ஆயிடும். சொல்லலைன்னா... இப்ப நாம யார் பக்கம்மா?"

வடிவம்மை கொஞ்சம் விலகி அவர் முகத்தைப் பார்த்தார்.

"என் காதுல ஏன் சொல்றீங்க, அண்ணே? அவர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு கரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."