ஹோம் பிளேட்டில் எழுந்த தூசி

"மேடம், இந்த அம்பயர் வேலையே எனக்கு வேண்டாம்."

கோமதிநாயகம் முகக்கவசத்தை பெஞ்சில் வைத்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் சாஃப்ட்பால் அம்பயர் ஆகணும் என்று ஆசை வந்து, எஸ்தர் மேடத்திடம் சிஷ்யனாகச் சேர்ந்தவர். மேடம் அவரைவிட ஏழு வயசு சின்னவர். அதனால் என்ன, தெரிஞ்சவங்ககிட்டதானே படிக்க முடியும்!

மேடம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பேச்சித்தாய் திருப்பூர் மில்லுக்குப் போறாளாம் மேடம்."

இப்போது நிமிர்ந்தார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் மாவட்டப் போட்டி. கோமதிநாயகம் அம்பயராக நின்ற முதல் ஆட்டம். கடைசி நேரத்தில் பேச்சித்தாய் மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்து, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் சறுக்கி விழுந்தாள். அங்கே நின்ற எதிரணி கேட்சர் பந்தோடு அவளைத் தொட்டாள். தொட்டதும் தொடாததுமாக கோமதிநாயகம் கையை உயர்த்தி, "அவுட்!" என்று கத்திவிட்டார்.

அவசரக் குடுக்கை. கேட்சரின் கையுறையிலிருந்து பந்து நழுவிவிட்டது. பந்து விழுந்தால் அவள் அவுட் இல்லை, சேஃப். அந்த ஒரு ரன் வந்திருந்தால் அவள் அணி ஜெயித்திருக்கும், மாநிலப் போட்டிக்குப் போயிருப்பார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அந்தப் பிள்ளைக்குக் காலேஜ் சீட்டும் கிடைத்திருக்கும்.

"ஒரே தூசி மேடம். எனக்கு எதுவுமே தெரியல. ஆனா நீங்க மூணாவது பேஸ் பக்கம் அம்பயரா நின்னீங்க. பந்து விழுந்ததைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல? ஒரு புள்ளையோட வாழ்க்கை மேடம்!"

"அம்பயர் சொன்னதை இன்னொரு அம்பயர் தானா வந்து மாத்தக் கூடாது சார். அவர் கேட்டாத்தான் சொல்லலாம். முதல் நாளே சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும்."

"நீங்க என் பக்கம் திரும்புவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க கேக்கல."

கோமதிநாயகம் பெஞ்சில் வைத்த முகக்கவசத்தைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"இப்பக் கேக்கேன் மேடம்."

மேடம் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். ஆட்டத்தில் செய்வது போலவே இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார்.

"சேஃப்."

மைதானத்தில் வேறு ஆள் இல்லை.

"எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப் போகுது?" என்றார் மேடம். "அவளுக்கு நாலு மணிக்கு பஸ்."

கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பேச்சித்தாய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா சங்கரபாண்டி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

"பேச்சி, நீ அவுட் இல்லம்மா. தப்பு என்னோடது."

"எனக்குத் தெரியும் சார்." அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நான் ஒழுங்கா ஓடலன்னு அவரு என்கூடப் பேசுறதே இல்ல."

கோமதிநாயகம் அப்பாவிடம் திரும்பினார். பந்து நழுவியதையும் மேடம் அதைப் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

சங்கரபாண்டி மகளை ஏறிட்டுப் பார்த்தார். பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் கை ஜன்னல் கம்பியை விடவில்லை.

"சார், எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பந்து விழுந்தது உங்களுக்கு அந்த அம்மா சொல்லித்தான் தெரியுமா?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். தூசி என்று சொல்லலாம். இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஆட்டத்திலேயே சொன்னதை மாற்றினால் ஒரு பயல் மதிக்க மாட்டான் என்று பயந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சித்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க," என்றார் கோமதிநாயகம். "அன்னைக்கே பாத்தேன்."