சுவருக்கு அந்தப் பக்கம்

அன்று பள்ளியில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை பொற்கலை டீச்சர், ஜெபராணி டீச்சர், சடையாண்டி சார், இளம்பரிதி சார், சமையல் செய்யும் காமாட்சி, அலுவலக உதவியாளனான நான், பிள்ளைகள் அறுபத்திரண்டு.

இளம்பரிதி சாருக்கு அது கடைசி நாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவர் போனால் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் இல்லை.

எங்கள் மலைக்கு எம்.எஸ்சி. படித்து வந்தவர் அவர் ஒருவர்தான். கரும்பலகையில் எழுதுவது முதல் எல்லாவற்றையும் பொற்கலை டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார். பெரிய படிப்பு, நம் வம்புப் பேச்சு அவருக்கு ஆகாது என்று டீச்சர் அவருக்குத் தனி அறை ஒதுக்கினார். ஆசிரியர் அறைக்கு அடுத்த அறை. மேசை, மின்விசிறி எல்லாம் போட்டுக் கொடுத்தோம். மதியச் சாப்பாடும் அங்கேதான்.

தினமும் தேநீர் கொண்டுபோவேன். "டீ சார்" என்று வைத்துவிட்டு வந்துவிடுவேன். தொந்தரவு செய்ததில்லை என்று எனக்குப் பெருமைகூட உண்டு. நூற்றுப் பதினெட்டு நாள்.

பிரிவு நாளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். காமாட்சி எலுமிச்சை சாதம் செய்திருந்தாள். இளம்பரிதி சார் முதல் முறையாக ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார்.

சடையாண்டி சார், தாம் ஆட்டுக்குட்டிக்கு வருகைப் பதிவு போட்ட கதையைச் சொன்னார். இளம்பரிதி சாருக்குச் சிரித்துப் புரையேறியது.

"முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா சார்? என் கதைக்குப் புது ஆள் கிடைச்சிருக்கும். ஜெபராணி டீச்சர் எல்லாத்தையும் நாலு தரம் கேட்டாச்சு."

"அஞ்சு தரம்" என்றார் ஜெபராணி டீச்சர்.

இளம்பரிதி சார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் படித்தவர்கள் ஆசிரியர் வேலைக்கு வந்து நிலைக்க என்ன செய்யலாம் என்று கல்வித் துறையிலிருந்து கடிதம் வந்து, பொற்கலை டீச்சர் மேசையில் ஒன்பது நாளாகக் கிடந்தது. அதைப் பற்றி அவர் கேட்டார்.

"என்ன பதில் எழுதப் போறீங்க டீச்சர்? சம்பளமா, வீடா?"

பொற்கலை டீச்சர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சடையாண்டி சார் அடுத்த கதையை ஆரம்பித்தார். மறுபடி எல்லோரும் சிரித்தோம். இளம்பரிதி சாரும்தான்.

பதினான்கு நிமிடம் கழித்து டீச்சர் வந்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"தம்பி, அங்கே உட்கார்ந்தா நாம சிரிக்கிறது கேக்குது. எதுக்குச் சிரிக்கிறோம்னு கேக்கலை."

நூற்றுப் பதினெட்டு நாள் இளம்பரிதி சார் அங்கேதான் சாப்பிட்டிருந்தார்.

இரண்டு மணிப் பேருந்து போன பிறகு, பிள்ளைகள் அறுபத்திரண்டு. ஆசிரியர்கள் மூன்று.