நான்காவது எண்

ஏரிக்கரை மடத்து முற்றத்தில் நூற்றிருபது பேர் பசியோடு நின்றார்கள். சோறு வெந்திருந்தது. இலை நறுக்கியாயிற்று. உட்காரத்தான் யாரும் தயாராக இல்லை.

அன்று காலை மடை திறந்திருந்தார்கள். மழையில் நிறைந்த ஏரியிலிருந்து முதல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிட்டது. அந்த நாளில், ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் மூன்று ஊர்க்காரர்களுக்கும் மடத்தில் சாப்பாடு போடுவது வழக்கம். கொன்றைமேடு, நாணல்பட்டி, வாகைக்குழி.

மூன்று ஊர்த் தலைவர்களும் சேர்ந்து வந்து மடத்து அம்மையாரிடம் நிபந்தனை சொன்னார்கள். அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

"எங்க ஊர்ப் பந்தியில அடுத்த ஊர்க்காரன் உட்காரக் கூடாது, தாயி" என்றார் வாகைக்குழித் தலைவர் சடையப்பர்.

"எல்லாப் பந்தியும் ஒரே நீளமா இருக்கணும். போன வருஷம் இவங்க பந்தி நீளம், எங்க பந்தி குட்டை. பார்க்கிறவன் எங்களை என்ன நினைப்பான்?" என்றார் கொன்றைமேட்டுக்காரர்.

"காலி இலை போட்டு நீளத்தைக் கூட்டுற வேலையும் ஆகாது. அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றார் நாணல்பட்டிக்காரர்.

போன வருஷம் ரசப் பானை பறந்தது. அதனால் அம்மையார் தலையை மட்டும் அசைத்தார்.

அம்மையாரின் சீடர் அருணகிரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர். அம்மையாரும் அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரே ஏரித் தண்ணி! ஒரே வாய்க்கால்! பக்கத்தில உட்கார்ந்து சோறு தின்னா மட்டும் கௌரவம் போயிடுமா? இவங்களுக்கெல்லாம் சோறு ஒரு கேடா? விரட்டுங்கம்மா!"

"பசியோட வந்தவங்க, வாத்தியாரே. விரட்டறது அப்புறம். பந்திக்கு எத்தனை பேர்னு சொல்லுங்க."

அருணகிரி தலைவர்களிடம் போய், எத்தனை பேர் என்று கேட்டு வந்தார். கொன்றைமேடு இருபத்து நான்கு. நாணல்பட்டி முப்பத்தாறு. வாகைக்குழி அறுபது.

ஓர் ஈர்க்குச்சியை எடுத்து மணலில் குந்தினார்.

"இருபத்து நாலை மிச்சமில்லாம வகுக்கிற எண்களை முதல்ல எழுதறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னெண்டு, இருபத்து நாலு."

"சரி."

"இதில எதெல்லாம் முப்பத்தாறையும் வகுக்குது? எட்டு வகுக்காது. நாலு பேர் மிஞ்சுவாங்க. இருபத்து நாலும் வகுக்காது. மத்ததெல்லாம் வகுக்கும்." இரண்டு எண்களை அடித்தார். "மிச்சமிருக்கிற எல்லாமே அறுபதையும் வகுக்குது. ஆக ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, பன்னெண்டு. மூணு ஊருக்கும் பொதுவான வகுத்திகள் இந்த ஆறுதான்."

"இதில எதை வேணும்னாலும் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். ஆனா பந்திக்கு ரெண்டு பேர்னு போட்டா அறுபது பந்தி. சாம்பார் வாளி தூக்கறவன் செத்தான். பன்னெண்டு பேர்னா கொன்றைமேட்டுக்கு ரெண்டு, நாணல்பட்டிக்கு மூணு, வாகைக்குழிக்கு அஞ்சு. மொத்தம் பத்தே பந்தி. முற்றத்திலயே அடங்கிடும்."

சொல்லும்போதே அவர் கோபம் பாதி தணிந்துவிட்டது. கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

தலைவர்கள் ஒவ்வொரு பந்தியாக நடந்து இலையை எண்ணிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. சோற்றுக் கூடை வந்தது.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். இடுப்பு வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதுக்குள் சேறு. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

காலையில் ஏரியின் அடிவரை முங்கி, மடையை அடைத்திருந்த கல்லைப் பெயர்த்தவர் அவர்தான். முதல் தடவை கல் அசையவில்லை. இரண்டாம் தடவை முங்கியவர் வெகுநேரம் மேலே வராமற்போகவே கரையில் நின்றவர்கள் அலறிவிட்டார்கள். தண்ணீர் பாய்ந்ததும் அலறியவர்கள் வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டார்கள்.

அருணகிரி அவரைப் பார்த்தார். பத்துப் பந்திகளையும் ஒரு தரம் பார்த்தார். அம்மையார் நின்றிருந்த வாசலுக்கு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முத்திருளா, கொஞ்சம் பொறுப்பா. பந்தி எல்லாம் சரியா அமைஞ்சிருக்கு. இவங்க எழுந்ததும் அடுக்களைப் பக்கம் வா, வயிறாரச் சாப்பிடலாம்."

முத்திருளன் தலையாட்டிவிட்டு வாசல் கல்லில் உட்காரப் போனார். அது அவருக்குப் பழகிய இடம்.

"சோத்துக் கூடையைக் கீழ வைங்க" என்றார் அம்மையார்.

கூடை இறங்கியது.

"இவர் எந்த ஊர்க் கணக்கு?" என்று அம்மையார் தலைவர்களைக் கேட்டார்.

"எங்க ஊர் இல்ல" என்றார் கொன்றைமேட்டுக்காரர்.

"எங்களுதும் இல்ல."

"இவன் மடைக்காரன், தாயி. கரையில குடிசை போட்டிருக்கான். எந்த ஊர்லயும் சேர்த்தி இல்ல" என்றார் சடையப்பர்.

"பேர் என்ன?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அம்மையார் சீடரிடம் திரும்பினார். "வாத்தியாரே, கரையும் ஒரு ஊர்தான். இருபத்து நாலு, முப்பத்தாறு, அறுபது, ஒண்ணு. நாலு எண்ணுக்கும் பொதுவான வகுத்தி எது?"

அருணகிரிக்குக் குச்சி தேவைப்படவில்லை. "ஒண்ணு."

"வேற?"

"வேற கிடையாதும்மா. ஒண்ணு மட்டுந்தான்."

"அப்ப பந்திக்கு ஒருத்தர். இலையை எடுத்துப் போடுங்க. இவங்க சொன்ன நிபந்தனை ஒண்ணும் மாறக் கூடாது."

எல்லா இலைகளும் எடுக்கப்பட்டன. ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தனித்தனியாக, நூற்றிருபத்தோரு பந்தி. முற்றம் போதவில்லை. மாட்டுக் கொட்டகை வாசல், கிணற்றடி, கரைச் சரிவு என்று எங்கும் இலை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாததால் சில இலைகள் காற்றில் புரண்டன. உப்பு வராதவர் யாரிடம் கேட்பது என்று விழித்தார். பந்தி என்றால் கடைசி இலைக்குச் சோறு விழும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழ மாட்டார்கள். இங்கே யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். சடையப்பர் போகவில்லை. கொட்டகை வாசலில் தனி இலை முன் உட்கார்ந்தபடி கத்தினார்.

"ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேரையும் நாதியத்தவன் மாதிரி உட்கார வைக்கிறதா? இது ஒரு பந்தியா, தாயி?"

அம்மையார் அவர் இலைக்கு முன் வந்து நின்றார். எப்போதும் பேசுகிற குரலிலேயே கேட்டார்.

"தண்ணி திறந்த ஒவ்வொரு வருஷமும் அவர் இப்படித்தான் சாப்பிட்டார். அப்ப கேட்டீங்களா, இது ஒரு பந்தியான்னு?"

சடையப்பர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

முத்திருளன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு கரைக்குப் போனார்.

எல்லோரும் கலைந்தபின் அருணகிரி எச்சில் இலைகளைப் பொறுக்கினார். நெடுநேரம் பிடித்தது. கூடை நிறைந்ததும் அதை டம்மென்று கீழே வைத்தார்.

"மனசு ஆறலம்மா. உயிரைப் பணயம் வச்சுத் தண்ணி விட்டவனை ஆளாவே எண்ணல இந்தப் பாவிங்க. இவங்க மூணு பேரையும் நீங்க இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும். உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்தது."

"அந்தக் கோபத்தைக் காட்டியிருக்கலாமே!"

"அவங்க மேல வந்தா காட்டியிருப்பேன். அவங்களுக்கு அவர் பேர்கூடத் தெரியாது, வாத்தியாரே. பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காத்திருக்கச் சொன்னது நீங்க."