கடைசி ஐந்து நிமிடம்

"மேடம், என் வகுப்பை விட்டுப் பிள்ளைங்க ஏன் ஓடுறாங்க?"

ஹெலன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார் மாசிலாமணி. பல்கலைக்கழகத்துக்காக அவர் இணையவழியில் நடத்தும் பொதுக் கொள்கை வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். வகுப்பை இழுத்து மூடுவதா என்று அன்று மாலை துறைக் கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள்.

ஹெலன் அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவருடைய முனைவர் பட்டத்துக்கு நெறியாளராக இருந்தவர். அரசு வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த மாசிலாமணியை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"உக்காருங்க சார். பாடத் திட்டம் சரியில்லையோ?"

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

"நிமிஷத்துக்கு நிமிஷம் திட்டம் போட்டிருக்கேன் மேடம். குறுக்க பேசி நேரம் வீணாகக் கூடாதுன்னு எல்லார் மைக்கையும் நானே மூடிடுவேன். கடைசி அஞ்சு நிமிஷம் திறந்துவிட்டு, 'சந்தேகம் இருக்கா'ன்னு கேப்பேன். 'இல்ல சார்'ங்கறாங்க. சரி, புரிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படுறேன். அடுத்த வாரம் ஆளைக் காணோம்!"

"இன்னிக்கு என்ன பாடம்?"

"மக்கள் கருத்துக் கேட்பு."

ஹெலன் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் நடத்துறேன். கேள்வியெல்லாம் கடைசியில."

"மேடம், நாலு மணிக்குக் கூட்டம்..."

"கடைசியில சார்."

நடத்தினார். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்ற ஒரு நகராட்சி போட்ட திட்டம். அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்ட விதம். மாசிலாமணி எழுதியதில் ஒரு வரியைக்கூட ஹெலன் விடவில்லை.

மாசிலாமணி விரலைத் தூக்கினார். ஹெலன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், ஒரே ஒரு..."

ஹெலன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

துறைக் கூட்டத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வது? மாசிலாமணிக்கு அதே நினைப்பு. நடுவில் அவர் இரண்டு நாள் யோசித்து எழுதிய நகைச்சுவை வந்தது. அவருக்கே சிரிப்பு வரவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில், காலை பதினோரு மணிக்கா வைப்பார்கள், யார் வருவார்கள் என்று தன் பாடத்திலேயே அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. கேட்கத் துடித்தார். நாலு பக்கம் தாண்டுவதற்குள் அது மறந்துபோயிற்று. மிச்ச நேரமெல்லாம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். எதை முதலில் கேட்பது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

"இல்ல மேடம்."

"நல்லது. அப்ப எல்லாம் புரிஞ்சிடுச்சு."

ஹெலன் மடிக்கணினியை மூடி அவரிடம் நீட்டினார்.

"அடுத்த வாரமும் வருவீங்கல்ல சார்?"