சடைச்சி கையில ஒட்டின சோறு

ஒரு ஊர்ல உப்பு விக்கிற சடைச்சி, சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். பயந்த பிள்ளைங்களுக்கு வேப்பங்கொழையால மந்திரிச்சு விடுறதுல அவ கெட்டிக்காரி. அதுக்குக் கூலி எதுவும் வாங்க மாட்டா. சோத்துல கை வச்சிருந்தாலும், கூப்பிட்டா எந்திரிச்சு ஓடணும்னு அவ மாமியா போட்ட கட்டு. அந்த மாமியா எழுதிக் குடுத்த ஓலை ஒண்ணு வச்சிருந்தா. அதுல மந்திரம் 'மந்தரம்'னு இருக்கும், பேய் 'பேயி'ன்னு இருக்கும், பூதம் 'பூதோம்'னு இருக்கும். சிரிக்காதீங்கடா, நீங்க எழுதுற லட்சணம் எனக்குத் தெரியாதா?

அதே ஊர்ல அரமனை மந்திரவாதி மகுடநாதன். பொன் தகட்டுல முத்து முத்தா எழுதிட்டு, தகட்டுக்கு ஒரு பசு மாடு கேப்பான். சனமெல்லாம் சடைச்சிகிட்டயே போனா அவன் வயிறு எரியாதா? ராசாகிட்டப் போய், "மகாராசா, மந்திரத்த மந்தரம்னு எழுதி வச்சு ஓதுறா, எழுத்துப் பெசகினா ஊருக்கே ஆகாது"ன்னான். ராசா நல்லவர்தான், ஆனா எடுப்பார் கைப்பிள்ளை. ஓலையப் பிடுங்கிக்கிட்டு, "இனிமே மந்திரிச்சா நாடு கடத்திருவேன்"னுட்டாரு.

கொஞ்ச நாள்ல, ஒருநா விளக்கு வைக்கிற நேரம், ராசா மக தங்கத்தாயி எதையோ பாத்துப் பயந்துட்டா. பேச்சில்ல, சோறில்ல, தண்ணியில்ல. மகுடநாதன் வந்து ஒரு தகடு கட்டினான், பிள்ளை வீல்னு கத்துச்சு. மறுநா இன்னொரு தகடு கட்டினான், இன்னும் வீல்னு கத்துச்சு. மூணாந் தகடு கட்ட வந்தான், பிள்ளை மயங்கியே விழுந்துருச்சு. தகடு மூணாச்சு, மாடு மூணாச்சு, பிள்ளை நாராப் போச்சு.

பெத்த வயிறு கேக்குமா? ராணி தலைய அள்ளி முடியாம, தானே ஓடிப்போய் சடைச்சி குடிசை வாசல்ல நின்னு, "அக்கா, எம் பிள்ளை போயிரும் போலருக்கே"ன்னு அழுதாளாம். சடைச்சி காலையிலருந்து பட்டினியா உப்பு வித்துட்டு அப்பத்தான் பழைய சோத்துல கை வச்சிருந்தா. போனா நாடு கடத்திருவாங்கன்னு அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கட்டு கட்டுதானே? எந்திரிச்சா, அப்படியே ஓடினா.

போய்ப் பாத்தா, கொழையும் கொண்டாரல, ஓலையும் இல்ல, பதட்டத்துல மந்தரமும் வாயில வரல. சும்மா பிள்ளை பக்கத்துல உக்காந்தா. தங்கத்தாயி மெல்லக் கண்ணத் தொறந்துச்சு.

"உங் கையில ஏன் சோறு ஒட்டியிருக்கு?"

"நீ பயந்துட்டேன்னாங்க கண்ணு. கழுவ நேரமில்ல."

"அப்ப உனக்குப் பசிக்குமே?"

மூணு நாளாப் பேசாத பிள்ளை! ராணி வாயப் பொத்திக்கிட்டு அழுதா.

"பசிக்கத்தான் செய்யுது. வா, ரெண்டு பேரும் திம்போம்"னா சடைச்சி.

ஒரே தட்டுல தின்னாங்க. தின்னுகிட்டே பிள்ளை சொல்லிச்சு: "மகுட மாமாதான் கறுப்புக் கம்பளியப் போத்திக்கிட்டு ஜன்னல்ல நின்னு உறுமினாரு. வெளிய சொன்னா நாக்கு அழுகிரும்னாரு."

வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்த ராசாவுக்கு வந்துச்சே கோவம்! "அந்த மகுடநாதன நாடு கடத்துங்கடா"ன்னாரு.

"வேண்டாம் சாமி, எங்கூட அனுப்புங்க. கூப்பிட்ட வீட்டுக்கு ஓடட்டும்"னா சடைச்சி.

ராசா தலை குனிஞ்சு ஓலையத் திருப்பிக் குடுத்து, "எழுத்தத் திருத்தித் தரச் சொல்லவா, தாயி?"ன்னாரு.

"எம் மாமியா கையெழுத்து சாமி. அப்படியே இருக்கட்டும்."

அன்னையிலருந்து மகுடநாதன் சோத்துல கை வச்சாப் போதும், "பிள்ளை பயந்துருச்சு"ன்னு தெருவுல எவளாச்சும் கூப்பிடுவா. அவன் கொழையத் தூக்கிக்கிட்டு, அரை வயித்தோட, பசு மாடு கேக்காம ஓடணும். பிள்ளையப் பயங்காட்டிப் பொழச்சவனுக்கு வேற என்ன கெடைக்கும்?

உப்பு சடைச்சி கூடைக்கு, கதை உங்க காதுக்கு, தூக்கம் என் கண்ணுக்கு.